யூரியாவைக் குறைக்க எது கைகொடுக்கும்: தக்கைப்பூண்டா, ஆட்டுக்கிடையா, அசோலாவா, உளுந்தா?

காவிரி டெல்டாவில் யூரியாவைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் இப்போது நிறையப் பேருக்கு வந்துவிட்டது. எதை வைத்துக் குறைப்பது என்பதில்தான் குழப்பம். ஒருவர் தக்கைப்பூண்டு விதைக்கச் சொல்கிறார். இன்னொருவர் கிடை போட்டால் போதும் என்கிறார். யூடியூபைத் திறந்தால் அசோலா. வீட்டுப் பெரியவர்களோ தையில் உளுந்து தெளித்தால் மண் தானாகத் தேறும் என்பார்கள். நாலுமே நல்ல வழிகள்தான். ஆனால் நாலும் ஒரே வேலையைச் செய்வதில்லை, எல்லா வயலுக்கும் பொருந்துவதுமில்லை. இரண்டு ஏக்கரோ ஐந்து ஏக்கரோ வைத்துக்கொண்டு இந்த வருஷம் ஒன்றைத் தொடங்கலாம் என்று நினைப்பவருக்காக நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் கணக்கு. மத்திய கால, நீண்ட கால நெல் ரகங்களுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 60 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) என்பது பொதுப் பரிந்துரை. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். ஆக மூன்று மூட்டை. மூட்டை விலை 266 ரூபாய் 50 காசு. இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது பணக் கணக்கில் மட்டும் யூரியாவோடு போட்டி போடுவது கஷ்டம். வெளியில் வாங்கினால் ஒரு ஏக்கருக்கான தக்கைப்பூண்டு விதையின் விலையே இந்த மூன்று மூட்டையின் விலையைத் தாண்டிவிடும். இதை மறைத்துவிட்டு இயற்கை வழி செலவே இல்லாதது என்று பேசுவது நியாயமில்லை.

அப்புறம் ஏன் குறைக்க வேண்டும்? நெல் வயலில் தூவும் யூரியாவில் பாதிக்கும் மேல் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை. தேங்கிய தண்ணீரிலிருந்து அமோனியாவாக ஆவியாகிறது, நைட்ரேட்டாக மாறிக் கீழே இறங்குகிறது, மீதி வாயுவாகக் காற்றில் கலக்கிறது. பயிர் எடுத்துக்கொள்வதும் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்வதால் இலை கரும்பச்சையாகி மென்மையாகிறது. இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் தேடி வருவது அந்தப் பயிரைத்தான். பிறகு பூச்சிமருந்துச் செலவு தனி. அதைவிடப் பெரிய இழப்பு மண்ணுக்குள் நடக்கிறது. வருஷக்கணக்கில் கரிமப் பொருள் எதுவும் சேராத களிமண், கோடையில் கல்லாக வெடித்துக் கிடக்கும்.

எந்த வழியானாலும் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். சத்து எங்கிருந்து வருகிறது: காற்றிலிருந்தா, அடுத்தவர் நிலத்திலிருந்தா, நம் மண்ணிலிருந்தே சுற்றி வருகிறதா? அது எப்போது கரைகிறது, பயிர் கேட்கும் நேரத்திலா? இரண்டு நெல்லுக்கு நடுவே மண் வெறுமனே வெயிலில் காய்கிறதா, ஏதாவது உயிரைத் தாங்கி நிற்கிறதா?

தக்கைப்பூண்டு

முதல் இடத்தை நான் இதற்குத்தான் தருவேன். விளைச்சலுக்காக இல்லாமல், பச்சையாகவே மண்ணில் மடக்கி உழுவதற்காக வளர்க்கும் பசுந்தாள் பயிர் இது. ஏக்கருக்கு 20 கிலோ விதை. கோடை மழையை நம்பியோ முதல் தண்ணீரை நம்பியோ விதைத்தால் நாற்பத்தைந்து நாளில் இடுப்புக்கு மேல் நிற்கும். நன்றாக வந்த வயலில் ஏக்கருக்கு 8 முதல் 10 டன் பச்சைத் தழை கிடைக்கும். அதில் 25 முதல் 35 கிலோ வரை தழைச்சத்து இருக்கும். இதில் ஒரு பங்கு மண்ணிலிருந்தே எடுத்தது, மீதி காற்றிலிருந்து பிடித்தது. இந்தக் காற்றுப் பங்குதான் வயலுக்குப் புது வரவு.

அந்த வரவு உண்மையிலேயே நடக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. முப்பது நாள் வயதில் ஒரு செடியை மண் உதிராமல் மெதுவாகப் பிடுங்கி வேரைத் தண்ணீரில் அலசுங்கள். சிறு உருண்டைகளாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அந்த முடிச்சு ஓய்ந்துவிட்டது. முடிச்சே இல்லாத வயலில் அடுத்த முறை விதையை ரைசோபியம் என்ற பாக்டீரியா உரம் கலந்து விதைக்க வேண்டும். செடி உயரமாக நிற்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்படுபவர்கள் இந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்வதில்லை.

மடக்கி உழும் நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பூ எடுக்கத் தொடங்கும்போது தண்டைக் கையால் ஒடித்தால் சட்டென்று ஒடியும். அந்தப் பதத்தில் உழுதால் சேற்றில் ஒரு வாரம் பத்து நாளில் மக்கிவிடும், அதன்பின் நடலாம். இன்னும் பதினைந்து நாள் விட்டால் தண்டு நார் ஏறிவிடும், ஒடிக்கப்போனால் வளையும். அந்தக் கட்டையை மக்கவைக்க மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், நட்ட நாற்று சில நாட்கள் மஞ்சளடித்து நிற்கும். "பூண்டு மடக்கி உழுதேன், பயிர் வெளுத்துப்போச்சு" என்று சொல்பவர்களிடம் எத்தனையாவது நாளில் உழுதீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் விஷயம் இங்கேதான் இருக்கும். டிராக்டரில் கேஜ் வீல் போட்டு உழும்போது கொக்கும் மடையானும் பின்னாலேயே வரும். புரண்ட சேற்றில் அவற்றுக்கு அவ்வளவு தீனி கிடைக்கிறது.

கடைமடைக்கு இது இன்னொரு விதத்திலும் பொருந்தும். உப்பையும் களரையும் தேங்கிய நீரையும் தாங்குகிற பசுந்தாள் பயிர் இது. 2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய நாகப்பட்டினத்து வயல்களை மீட்கும்போது தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதார்கள். மேட்டுப்பாங்கான, தண்ணீர் நிற்காத நிலமென்றால் சணப்பு இன்னும் வேகமாக வரும், ஆனால் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். கொளுஞ்சி மெதுவாக வளரும். விதையுறை கெட்டி என்பதால் மணலோடு தேய்த்து விதைக்க வேண்டும். வறட்சியைத் தாங்கும், ஆடு மாடு வாய் வைக்காது, விதை உதிர்ந்து மறு வருஷம் தானாகவும் முளைக்கும். வேலி போட முடியாத நிலத்துக்குக் கொளுஞ்சிதான் சரி.

தக்கைப்பூண்டின் பலவீனம் தண்ணீர். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் ஒரு கணக்கு, 2024இல் போல ஜூலை 28இல் திறந்தால் வேறு கணக்கு. கோடை மழையும் இல்லை, போர்வெல்லும் இல்லை என்றால் விதை மண்ணிலேயே கிடக்கும். விதைச் செலவுக்கு ஒரு வழி உண்டு. வரப்போரம் சில செடிகளை முற்றவிட்டு நாமே விதை எடுத்துக்கொள்ளலாம். 2024-25 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதைக்கு மானியம் தந்தார்கள். இப்போதும் கிடைக்குமா என்று பருவத்துக்கு முன்பே வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஆட்டுக்கிடை

சம்பா அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் மந்தையோடு டெல்டாவுக்கு வருவார்கள். பகலில் தாளையும் வரப்புப் புல்லையும் மேயும் ஆடுகள், இரவில் பேசிவைத்த வயலில் வலைக்குள் அடைபடும். மறுநாள் இரவு பக்கத்துத் துண்டு. இப்படியே நகர்ந்து நகர்ந்து வயல் முழுவதும் கிடை கட்டிவிடுவார்கள்.

ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பார்கள். ஆட்டுப் புழுக்கையில் தழைச்சத்து கூடுதல், மக்கும் வேகமும் கூடுதல் என்பதால் சொன்னது அப்படியே பொருந்துகிறது. ஆனால் கிடையின் பலத்தில் பெரும்பங்கு மூத்திரத்தில் இருக்கிறது. வண்டியில் எரு வாங்கிக் கொட்டினால் கிடைக்காதது இதுதான். அதே மூத்திரம்தான் வெயிலில் முதலில் ஆவியாகிப் போவதும். காலையில் வயலில் நின்றால் மூக்கில் ஏறும் நெடி, நாம் காசு கொடுத்து வாங்கிய சத்து காற்றில் போவதன் அறிகுறி. கிடை கட்டி முடித்த துண்டை ஓரிரு நாளில் மேலாக உழுது மூடிவிட வேண்டும். வயல் முழுக்கக் கட்டி முடியட்டும், மொத்தமாக உழலாம் என்று ஒரு மாதம் காத்திருந்தால் புழுக்கைதான் மிஞ்சும்.

இந்தச் சத்து காற்றிலிருந்து வந்ததில்லை. ஊர்ப் பொது நிலத்திலும் அடுத்தவர் வயலிலும் ஆடு மேய்ந்தது நம் வயலில் வந்து சேர்கிறது. அதனால் இது எல்லாருக்கும் எல்லா வருஷமும் கிடைக்காது. மேய்ச்சல் நிலம் குறையக் குறைய மந்தையும் குறைகிறது. நான் கிடையை மிகவும் மதிக்கிறேன். மேய்ப்பவரும் உழுபவரும் ஒருவரை ஒருவர் தாங்கி நிற்கும் ஏற்பாடு இது. பேசிய கூலியை இழுத்தடிக்காமல், ஆட்டுக்குக் குடிதண்ணீர் காட்டி, கீதாரிக்கு ராத்தங்க இடம் கொடுக்கிறவர் வயலுக்குத்தான் மறு வருஷமும் மந்தை வரும். நூறு ஏக்கருக்கான தீர்வாக இதை யாராவது சொன்னால் அத்தனை ஆட்டுக்கு மேய்ச்சல் எங்கே என்று கேட்க வேண்டும்.

தொழு உரத்தையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடலாம். ஏக்கருக்கு ஐந்து டன் போட்டாலும் அதிலுள்ள மொத்தத் தழைச்சத்து 25 கிலோ அளவுதான், முதல் வருஷம் பயிருக்குக் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்கு. மண்ணின் கட்டமைப்புக்கு அதைவிட நல்லது இல்லை. வீட்டில் மாடு இருந்தால் போடுங்கள். இல்லாமல் டிராக்டர் டிராக்டராக விலைக்கு வாங்கித் தழைச்சத்துக்காகப் போடுவது கட்டுபடியாகாது.

அசோலா

பார்க்க மிக அழகான ஏற்பாடு. சின்னஞ்சிறு மிதக்கும் பெரணி, அதன் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி, அந்தப் பாசி பிடித்துத் தரும் தழைச்சத்து. வடக்கு வியட்நாமிலும் தெற்குச் சீனாவிலும் நெல் வயலில் நெடுங்காலமாக வளர்த்து வருகிறார்கள். சூழல் ஒத்துவந்தால் நான்கைந்து நாளில் இரண்டு மடங்காகும். தண்ணீர்ப் பரப்பை மூடிவிடுவதால் களை அடங்கும், அமோனியா ஆவியாவதும் குறையும்.

சூழல் ஒத்துவர வேண்டும் என்பதில்தான் சிக்கல். 25 முதல் 30 டிகிரி வெப்பம் அதற்குப் பிடிக்கும். டெல்டாவின் வைகாசி, ஆனி வெயிலில் கருகிவிடும். வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், முறை வைத்துத் தண்ணீர் விடும் வாய்க்கால் கடைமடையில் அது நடக்காது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தால் சிவந்து நின்றுவிடும். நத்தையும் புழுவும் தின்னும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, நீர் கட்டுபவருக்கு இது ஆகவே ஆகாது. எல்லாம் கூடிவந்தாலும் ஒரு முறை மிதித்துவிட்டால் ஏக்கருக்குப் பத்து கிலோ அளவுதான் தழைச்சத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கும் சம்பா வயலில் நட்ட ஒரு வாரத்தில் தூவி, மூன்றாம் வாரம் களை எடுக்கும் கோனோவீடர் கருவியை ஓட்டும்போது மிதித்துவிட்டால் ஒரு மேலுரத்தின் ஒரு பகுதி மிச்சமாகும். அந்த அளவுக்கு நல்லது. யூரியாவைக் குறைப்பதற்கான முதல் அடியாக அசோலாவை எடுத்துக்கொள்பவர்கள் சீக்கிரம் மனம் தளர்ந்துவிடுவார்கள் என்பது என் கணிப்பு. மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகத் தொட்டியில் வளர்ப்பது வேறு விஷயம், அதைத் தாராளமாகச் செய்யலாம்.

நெல் தரிசில் உளுந்து

அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நெல் நிற்கும்போதே, ஈரச் சேற்றில் உளுந்தையோ பச்சைப்பயறையோ ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ தெளித்துவிடுவது டெல்டாவின் பழைய வழக்கம். உழவு இல்லை, பாசனம் இல்லை. மிச்ச ஈரத்திலும் தைப் பனியிலும் எழுபது நாளில் விளைந்துவிடும். ஏடிடி 3 போன்ற ரகங்கள் இதற்கென்றே வந்தவை. இருக்கிற ஈரத்தை வீணாக்காமல் இன்னொரு விளைச்சல் எடுப்பதில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

ஆனால் உளுந்து போட்டதால் நெல்லுக்கு உரம் மிச்சம் என்று நம்பி யூரியாவைக் குறைக்காதீர்கள். பயறு காற்றிலிருந்து பிடித்த தழைச்சத்தில் பெரும்பகுதி பருப்பில்தான் போய்ச் சேர்கிறது, அதை நாம் மூட்டையில் கட்டி எடுத்துவிடுகிறோம். செடியையும் வேரோடு பறித்து மாட்டுக்குப் போட்டால் வயலில் தங்குவது உதிர்ந்த இலையும் கொஞ்சம் வேரும்தான். காய் பறித்தபின் செடியை அங்கேயே உழுதால் கொஞ்சம் கூடும். உளுந்தின் உண்மையான சேவை வேறு. நெல்லுக்குப் பின் நெல் என்றில்லாமல் நடுவே ஒரு வேற்றுக் குடும்பப் பயிர் வருவதால் குருத்துப்பூச்சிக்குத் தொடர் தீனி அறுகிறது. சேறாகவே கிடந்த மண் காற்று வாங்குகிறது. கையில் நாலு காசும் வருகிறது.

இதைக் கெடுத்தது அறுவடை இயந்திரம். முளைத்த உளுந்தைச் சக்கரமும் பெல்ட்டும் நசுக்கிவிடும், பின்னால் விழும் வைக்கோல் வரிசை மீதியை மூடிவிடும். ஈரம் அதிகமுள்ள வயலில் இழப்பு இன்னும் கூடும். அறுத்தபின் தெளிக்கலாமென்றால் ஈரம் போய்விடுகிறது. இயந்திரம் நிச்சயம் என்றால் விதையைக் கொஞ்சம் கூட்டிப் போடுவதும், சக்கர வண்டியைவிடக் குறைவாக நசுக்கும் பெல்ட் வண்டியைக் கேட்டு எடுப்பதும், வைக்கோலை உடனே பரப்பிவிடுவதும்தான் இப்போதைக்கு வழி.

பலதானிய விதைப்பு பற்றியும் பலர் கேட்பார்கள். இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசி, தமிழ்நாட்டில் பலருக்கும் கொண்டுசேர்த்த முறை இது. தானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள் எல்லாம் கலந்து விதைத்து ஐம்பது அறுபது நாளில் மடக்கி உழுவது. விதவிதமான வேர்கள் விதவிதமான ஆழத்தில் இறங்குவது மண்ணுக்கு நல்லதுதான். செம்மண் தோட்டக்காலுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். டெல்டாவின் களியில் ஒரு நல்ல மழை பெய்து தண்ணீர் கட்டினால் பாதி ரகம் போய்விடும், மிஞ்சுவது பெரும்பாலும் தக்கைப்பூண்டாகவே இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள்

தழையும் எருவும் சேற்றில் மக்கும்போது கிடைப்பது உரம் மட்டுமில்லை. 1990களில் இந்தோனேசியாவின் ஜாவா வயல்களில் நடந்த ஆய்வு ஒன்று இதை விளக்கியது. கரிமப் பொருள் நிறைந்த வயலில் நட்ட கொஞ்ச நாளிலேயே, அழுகலையும் பாசியையும் தின்னும் சின்னஞ்சிறு கொசுவினங்கள் ஏராளமாகப் பெருகுகின்றன. அவை பயிரைத் தொடுவதில்லை. சிலந்தியும் தண்ணீர்ப் பூச்சிகளும் அவற்றைத் தின்று பெருகி நிற்கின்றன. புகையான் வரும்போது எதிரி ஏற்கெனவே வயலில் தயாராக இருக்கிறான். நட்ட இருபதாம் நாள் பாதுகாப்புக்காக என்று ஒரு மருந்து அடித்தால் இந்தச் சங்கிலிதான் முதலில் அறுகிறது. தழை மடக்கி உழுத வயலில் முதல் நாற்பது நாள் மருந்துப் பக்கமே போகாமல் இருந்து பாருங்கள். வரப்பில் தட்டைப்பயறோ உளுந்தோ ஊன்றினால் நன்மை செய்யும் பூச்சிகளுக்கு அங்கேயும் ஒதுங்க இடம் கிடைக்கும்.

இன்னொன்று பாதகமானது, அதையும் சொல்ல வேண்டும். பச்சைத் தழையைத் தேங்கிய நீரில் அமிழ்த்தினால் மீத்தேன் வாயு அதிகம் வெளியேறும். பூமியைச் சூடாக்கும் வாயு அது. தழை மக்கிப் பயிர் பிடித்தபின் தண்ணீரை நிறுத்தி நிறுத்திக் கட்டினால், மயிரிழை வெடிப்பு விடும்வரை காயவிட்டுப் பாய்ச்சினால், மீத்தேன் பெருமளவு குறையும், தண்ணீரும் மிச்சம். பசுந்தாள் உரமும் காய்ச்சல் பாய்ச்சலும் சேர்ந்தே போக வேண்டிய இரண்டு வேலைகள்.

எவ்வளவு வேகமாக மாறலாம்?

இலங்கை நமக்கு மிக அருகில் நடந்த பாடம். 2021இல் அங்கே அரசாங்கம் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியது. மாற்று உரம் போதுமான அளவு கையில் இல்லை, மண்ணைத் தயார்செய்ய அவகாசமும் தரவில்லை. கிளிநொச்சியிலிருந்து அம்பாறை வரை விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். நவம்பரில் அரசு பின்வாங்கியது. அதற்குள் பெரும்போகம் பாதிக்கப்பட்டு நெல் விளைச்சல் வெகுவாகச் சரிந்தது, அரிசியை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. மண்ணிலுள்ள உயிர்கள் பெருகி, சத்து தன் போக்கில் சுழலத் தொடங்குவதற்கு வருஷங்கள் பிடிக்கும். உத்தரவு போட்டு அதை அவசரப்படுத்த முடியாது.

அதனால் முதல் வருஷம் தக்கைப்பூண்டு நன்றாக வந்த வயலில் மூன்று மூட்டையில் ஒன்றைக் குறையுங்கள், அதுவும் அடியுரத்தில். மீதியை, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையைப் பார்த்து, பயிர் கேட்டால் மட்டும் போடுங்கள். ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) அளவுக்குத் தனியாக வரப்புக் கட்டி யூரியாவே இல்லாமல் விட்டுப் பார்த்தால், உங்கள் மண் தானாக எவ்வளவு தருகிறது என்பது அறுவடையில் தெரிந்துவிடும். மறு வருஷம் எவ்வளவு குறைப்பது என்று அதை வைத்து முடிவு செய்யலாம்.

யாருக்கு எது?

சம்பா ஒரு போகம் மட்டும் எடுப்பவருக்குப் பெரிய வசதி இருக்கிறது. தையில் உளுந்து, அது முடிந்ததும் கிடை கிடைத்தால் கிடை, ஆடியில் தண்ணீர் வந்ததும் தக்கைப்பூண்டு, ஆவணி கடைசியில் மடக்கி உழவு, புரட்டாசியில் நடவு. மூன்றும் ஒன்றை ஒன்று இடிக்காது. குறுவை, தாளடி இரண்டும் எடுப்பவருக்குச் சித்திரை, வைகாசி மட்டுமே இடைவெளி. போர்வெல் இருந்தால் அப்போது தக்கைப்பூண்டு, இல்லையென்றால் கிடை. குறுவைக்கும் தாளடிக்கும் நடுவே பயிர் வளர்க்க நாள் இருக்காது. வரப்பில் கிளைரிசிடியா என்ற தழை மரம் வைத்திருந்தால் அந்தத் தழையை வெட்டிப் போட்டு மிதிக்கலாம். வரப்புக்கு வரப்பு அதை நட்டுவிடச் சொல்வேன், மூன்றாம் வருஷத்திலிருந்து தழைக்குப் பஞ்சமே இருக்காது. வானம் பார்த்த கடைமடையில் தண்ணீர் எப்போது வருமென்றே தெரியாதவர், கொளுஞ்சியையும் கிடையையும் நம்பலாம்.

வைக்கோலை என்ன செய்கிறோம் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி மணியில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது. இயந்திரம் உருட்டிக் கட்டிய வைக்கோலை லாரியில் ஏற்றி அனுப்பும்போது வருஷா வருஷம் அந்தச் சத்து ஊரை விட்டுப் போகிறது. தக்கைப்பூண்டோ அசோலாவோ காற்றிலிருந்து சாம்பல்சத்தைப் பிடித்துத் தராது. வைக்கோலை விற்பவர் பொட்டாஷை வாங்கித்தான் ஆக வேண்டும். பாதி வைக்கோலையாவது பரப்பி உழுதுவிடுபவர் பொட்டாஷைக் குறைத்துக்கொள்ளலாம். அப்படி உழுவதானால் நடவுக்கு ஒரு மாதம் முன்பாவது செய்யுங்கள். வைக்கோல் மக்கப் பசுந்தழையைவிட நாள் பிடிக்கும்.